ஆறு இலக்கம்

ஞாயிறு மதியம். சலவைக்கடையில் அவனைத் தவிர யாருமில்லை. சோப்புத்தூள் சிந்திய தரையில் ஜன்னல் வெயில் ஒரு பாய் அளவுக்கு விழுந்து கிடக்கிறது. இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய இரண்டு சீருடைகள் தண்ணீருக்குக் காத்திருக்கின்றன. இது காசு வாங்காது, செல்போனில்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே வங்கிக் கணக்கு கிடைக்க இன்னும் நாளாகும் என்பதால், செயலியில் ஊர்க் கார்டைத்தான் சேர்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஓடிபி அவனுடைய ஊர் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் மனைவியின் போனில் இருக்கிறது.

“வந்திருச்சு, போடுங்க. நாலு, ஏழு, ஏழு, ரெண்டு, சைபர், ஒம்போது. போட்டாச்சா? தலைக்கு மேல வேலை கிடக்கு.” அவள் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின் கடகடக்கிறது. ஐந்து இலக்கங்களை அடித்துவிட்டான். ஆறாவதற்கு மேல் கட்டைவிரல் அப்படியே நிற்கிறது. திரையின் மூலையில் நொடிகள் இறங்குகின்றன. போட்டுவிட்டால் அவள் வைத்துவிடுவாள். சும்மா கூப்பிட்டாலோ, என்னமோ ஏதோ என்று பதறுவாள்.

“நேரம் முடிஞ்சிருச்சும்மா. இன்னொண்ணு அனுப்பச் சொல்லிருக்கேன்.”

“போன வாரமும் இதே கூத்துதான். உங்க விரலுக்கு என்னதான் வந்துச்சு?”

தையல் மெஷின் நிற்கிறது. அவள் போனில் குறுஞ்செய்தி வந்து விழும் ‘டிங்’ சத்தம் இவன் காதுக்கே கேட்கிறது.

“வந்துச்சா?”

“இன்னும் வரலைங்க” என்கிறாள்.