மாவுக்கட்டில் ஒரு கொய்யா மரம்

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல?"

"உள்ளே அரிக்குது திலகா, எறும்பு ஊர்ற மாதிரி…"

"போச்சு, குருவியோட சிறகு கோணிப்போச்சு!"

மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்ட தணிகாசலத்தின் மாவுக்கட்டில்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் திலகவதி பிரஷ் பிடித்தாள். விளையாட்டாக ஓர் இலையில் தொடங்கியது. இப்போது குதிகாலில் வேர்விட்ட கொய்யா மரம் தொடை வரைக்கும் ஏறி நின்றது. வரையும்போது அவள் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

"நாளைக்குக் கட்டைப் பிரிக்கப்போறாங்க. டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா, இல்லையா?"

"இன்னும் ஒரு வாரம் இருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நான் நடக்க வேண்டாமா? உனக்குத்தான் பேப்பர் வாங்கித் தந்தேனே."

"பேப்பர்ல வரலைங்க. எத்தனை தடவை உக்காந்து பாத்துட்டேன். கை அப்படியே விறைச்சுப் போயிடுது."

கடைசிக் குருவிக்குக் கண் வைத்தாள். வெள்ளையாக இனி ஓர் இடமும் மிச்சமில்லை. ஆனாலும் பிரஷைக் கீழே வைக்கவில்லை. அவள் பார்வை மெல்ல நகர்ந்து, பக்கத்தில் நீட்டியிருந்த அவருடைய நல்ல காலில் நின்றது. தணிகாசலம் போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"ஏன் திலகா, அந்தக் காலை அப்படிப் பாக்கறே?"