பெற்றவள் கொடுத்த புகார்

"விடாதீங்கம்மா! அவனை வெளியில விடாதீங்க. திருட்டுப் பய, உள்ளேயே கெடக்கட்டும்!"

கத்தியவள் வேம்பு. புகார் கொடுத்தவளும் அவள்தான். நீதிபதியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற பதினைந்து வயது வீரையன், அவள் பெற்ற பிள்ளை.

மலர்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறார் நீதிமன்றத்தில் அவளுக்குச் சட்ட ஆய்வாளர் வேலை. ஒவ்வொரு வழக்குக்கும் சட்டம் என்ன சொல்கிறது, மேல்கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்று புத்தகங்களைப் புரட்டி, நீதிபதிக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். வேலைக்கு வந்ததிலிருந்து, பிள்ளைக்காக அழுத தாய்மார்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வீட்டு அண்டாவைத் திருடி விற்றுவிட்டான் என்று சொந்த மகனையே போலீசில் பிடித்துக் கொடுத்த மகராசியை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கேட்டீங்களா அவ பேச்சை?" என்றார் சாரங்கபாணி. நன்னிலம் பக்கம் பெரிய பண்ணை ஒன்றின் காரியஸ்தர். ஆளுங்கட்சிக் கரை வேட்டி. ஜாமீன் கொடுக்க இரண்டு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். "எங்க பண்ணையில வேலை பார்க்கிற குடும்பம்மா. பெத்தவ கைவிட்டுட்டா, அதுக்காக நாங்க விட்டுட முடியுங்களா? என் பொறுப்புல அனுப்புங்க. காரோட வந்திருக்கேன், பத்திரமா கூட்டிட்டுப் போயிடறேன்."

மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று மலர்கொடிக்குத் தோன்றியது.

குறிப்பு அவள் கையில் தயாராக இருந்தது. சிறுவனை ஜாமீனில் விடுவதுதான் முறை. வெளியே போனால் அவனுக்கே ஆபத்து என்றால் மட்டும் தஞ்சாவூர் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கலாம். 'இச்சிறுவனுக்கு வெளியே எந்த ஆபத்தும் இல்லை' என்று எழுதி, இருந்த கோபத்தில் அதற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

நீதிபதி அம்மாள் கையை நீட்டினார். "குறிப்பைக் கொடும்மா மலர்கொடி. உத்தரவு போட்டுடலாம்."

"ஐயோ, வேணாம்மா!" வேம்பு தரையில் விழுந்து மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள்.

நீதிபதி சலித்துக்கொண்டார். "முதல்ல இந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டு வா."

மலர்கொடி அவளைப் புத்தக அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீயெல்லாம் ஒரு தாயா? ஒரு அண்டாவுக்காகப் பெத்த புள்ளையக் காட்டிக் கொடுப்பியா? அவர் யாரோ எவரோ. அவருக்கு இருக்கிற ஈரம்கூட உனக்கு இல்லையே!"

வேம்பு கதவைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நேரம் கத்திய குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"அந்தாளு காதுல விழாதுல்ல?"

"விழாது, சொல்லு."

"எங்க வீட்டுல அண்டாவே கெடையாதும்மா."

மலர்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை.

"உச்சவரம்புச் சட்டத்துல நெலம் போயிடக் கூடாதுன்னு, பண்ணையில எங்க பேர்லயெல்லாம் எழுதி வச்சிருக்காங்கம்மா. என் பேர்ல எட்டு மா நெலம். பேருதான் என்னுது. நட்டது, அறுத்தது எல்லாம் கூலிக்குத்தான். ஆபீசருங்க வந்து கேட்டா 'எங்க நெலம்'னு சொல்லணும். அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாங்க. போன வாரம் வந்தாங்க. வரப்புல நின்ன இவன்கிட்ட கேட்டுட்டாங்க. இவன் உள்ளதைச் சொல்லிட்டான். இது பண்ணையோடது, அதுவும் பண்ணையோடதுன்னு ஊரு பூரா கையைக் காட்டிட்டான்."

"அப்புறம்?"

"பண்ணைக்கு நோட்டீசு வந்துடுச்சு. விசாரணையில இவன்தான் சாட்சி. அதுக்கு முன்னாடியே இவனை முடிச்சுடணும்னு அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரு வீடு தேடி வந்தாங்க. வைக்கோல் போருக்குள்ள ஒளிச்சு வச்சேன். அந்த ரெண்டு பேருதாம்மா இப்ப ஜாமீனுக்கு நிக்கறானுங்க. கார்ல ஏறுனா எம் புள்ள வீடு வந்து சேர மாட்டான்."

யாரை வைகிறோம், யாரை மெச்சுகிறோம் என்றே தெரியாமல் என்ன படிப்புப் படித்தோம் என்று மலர்கொடிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. குறிப்பில் அடிக்கோடிட்ட வரியை அடித்துவிட்டு, 'வெளியே விட்டால் சிறுவனின் உயிருக்கு ஆபத்து' என்று எழுதினாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

"அவன் எங்கேயும் போக மாட்டான். ஜட்ஜம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்றேன்," என்றவள் கதவருகே நின்று திரும்பினாள். "ஆனா இதை முதல்லயே நீங்க போலீஸ்ல சொல்லியிருக்கலாமேம்மா? எதுக்குப் பெத்த புள்ள மேல திருட்டுப் பட்டம்?"

வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேனே. 'எம் புள்ளையக் கொல்லப் பார்க்கறாங்கய்யா'ன்னு பொழுது சாயற வரைக்கும் ஸ்டேஷன் வாசல்ல கெடந்தேன், ஒருத்தரும் நிமிந்துகூடப் பார்க்கல. 'எம் புள்ள திருடிட்டான்யா'ன்னேன், ஒடனே ஜீப்பு எடுத்துட்டு வந்து பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டாங்க."