மணிக்கு ஒரு விரற்கடை

நாரை கூட்டை உயர்த்திக்கொண்டிருந்தது.

கோரைப்புல்லுக்கு நடுவே குப்பைமேடு போலக் கிடந்தது கூடு. அதன்மேல் இரண்டு முட்டைகள். பெண் நாரை அலகால் முட்டைகளை ஓரமாக ஒதுக்கும், அடியில் ஒரு தண்டைச் செருகும், மறுபடி முட்டைகளை நடுவில் உருட்டி வைக்கும். ஆண் நாரை தண்ணீரில் நடந்து நடந்து தண்டுகளைப் பிடுங்கி வந்து நீட்டியது.

காலையிலிருந்து இரண்டும் ஒரு நொடி ஓயவில்லை.

படகில் மூன்று பேர். பின்னால் படகோட்டி, கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை அசையாமல் பிடித்திருந்தான். நடுவில் அவள், பைனாகுலரும் கண்ணுமாக. முன்பலகையில் அவள் கணவர்.

இந்தச் செந்தலை நாரையைப் பார்க்க வேண்டும் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. பறவைப் புத்தகம் வந்தால் பிள்ளைகளின் கையில் கொடுக்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறாள் என்று அவர் கிண்டல் செய்வார். கிண்டலோடு சரி. நாரை கூடு கட்டும் மாதத்தில் ஒரு வருடமும் அவருக்கு லீவு கிடைத்ததில்லை.

இந்த வருடம் கிடைத்தது.

ரோடு முடிந்த இடத்திலிருந்து படகில் நான்கு மணி நேரம் வந்தால் முகாம். பலகை மேடைமேல் ஆறு கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். போன் எடுக்காது. வந்து இறங்கியதும் அதைக் கேட்டு, அப்பாடா என்று செருப்பைக் கழற்றிப் போட்டவர் அவர்.

நேற்று மாலை பார்த்தபோது கூடு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இருந்தது. இன்று காலை அதில் பாதியைக் காணோம்.

நாமும் கொஞ்சம் புல்லை அறுத்து அடியில் வைத்தால் என்ன என்று அவள் படகோட்டியைக் கேட்டாள். இன்னும் ஒரு கழி தூரம் போனாலே இரண்டும் பறந்துவிடும் என்றான் அவன். மேலே பருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் முட்டையைக் கொண்டுபோய்விடும்.

அவள் முகம் விழுந்ததைப் பார்த்து அவனே சமாதானமும் சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள நின்னுடும்மா. மழையே இல்ல, தண்ணி எங்கேருந்து வரப்போகுது?"

தண்ணீர் ஒரு விரற்கடை ஏறினால் கூடும் ஒரு விரற்கடை ஏறுகிறது, பார்த்தீர்களா என்று பெருமையாகக் காட்டினான், ஏதோ தன் வீட்டுப் பறவை போல.

அவர் பறவையைப் பார்க்கவில்லை. படகு கட்டுவதற்காக அடித்திருந்த முளைக்குச்சியில் ஈரம் ஏறுவதைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குச்சியை.

மணிக்கு ஒரு விரற்கடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த வேகத்துக்கு நாரை ஈடுகொடுத்துவிடும். பகல் இருக்கும்வரை கொடுத்துவிடும். ஆனால் இருட்டில் அது தண்டு பொறுக்காது. தண்ணீர் இருட்டிலும் ஏறும்.



அவள் பைனாகுலரை இறக்கினாள். மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவரை. அவர் பார்த்துக்கொண்டிருந்த குச்சியை. இருபத்து நான்கு வருடம் கூடவே குடித்தனம் செய்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

பின்னாலிருப்பவனுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டாள்.

"இது உங்க தண்ணியாங்க?"

ஆற்றில் எண்பது கிலோமீட்டர் மேலே போனால் ஓர் அணை. அதன் மதகுகளைத் திறக்கவும் மூடவும் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் அவர்தான்.

ஒரு மதகு கோளாறாக இருந்தது. தூக்கினால் இறங்காது. தூக்கிவிட்டு, அணையில் நீர்மட்டம் நன்றாகக் குறையும்வரை நான்கு நாள் காத்திருந்துதான் பழுது பார்க்க முடியும். அடுத்த மாதம் செய்வதாக இருந்த வேலை. அது பாக்கி நின்றால் இந்த வருடமும் லீவு கிடைக்காது என்று, ஆளாளுக்குச் சொல்லித் தேதியை முன்னுக்கு இழுத்தவர் அவரே. மதகைத் தூக்கச் சொல்லி, தண்ணீர் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார்.

இனி இங்கே போன் எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். அவரே நேரில் போய் நின்றாலும் நான்கு நாள் முடியும்வரை அந்த மதகுக் கதவு இறங்காது.

உத்தரவோடு ஒரு படிவமும் போனது. ஆற்றோரத்து ஊர்களை ஒன்று விடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தகவல் சொல்லி, மேய்ச்சலில் இருந்த ஆடுமாடுகளைக்கூடக் கரையேற்றச் சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசி வரி இந்தச் சதுப்பு நிலம். பாதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். தண்ணீர்ப் பறவைக்குத் தண்ணீர் வந்தால் கொண்டாட்டம்தானே என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

அவர் மெல்லத் தலையசைத்தார்.

அவள் பைனாகுலரின் வாரைத் தன் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். பிறகு பின்னால் திரும்பி, இங்கே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்டாள். வெளிச்சம் இருக்கும்வரை இருக்கலாம் என்றான் படகோட்டி.

அதுவரை இருப்பதாகச் சொன்னாள். அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை.

எத்தனையோ பேரைப் படகோட்டி இங்கே கூட்டி வந்திருக்கிறானாம். இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற சார் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறானாம்.