எட்டாவது பெயர்

"ஓரெஸ்ட்டோட முழங்கால் போயே போச்சு, ரேமண்ட். வெளியில விட்டா பாவம்னுதான் எட்டாவது இடத்தை அவனுக்குக் கொடுக்கிறேன். அதுக்காக ஒரு தங்கத்தையே உன் கையில தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கு."

இவ்வாறு கூறிய கெட்டில் லேக் ஊர் அணித்தலைவர் லோர்ன் ஹால்வர்சன், காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே அமர்ந்து வறுத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ரேமண்ட் டெஜார்லே, பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கிய புதிய ஐஸ் ஹாக்கி அணியின் தலைவர். ஐந்து ஊர்களுக்கிடையே நடந்துவந்த போட்டியில் அவ்வணி ஆறாவதாகச் சேர்கிறது. பழைய அணி ஒவ்வொன்றும் எட்டுப் பேரைப் பட்டியலிட்டுத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாதவர்களுள், அணிக்கு ஒருவர் வீதம், புதிய அணி எடுத்துக்கொள்ளும். அதுவே விதி.

லோர்ன் குறிப்பிட்ட தங்கம், டானர் பாய்ஸ் என்னும் இளைஞன். சென்ற பருவத்தில் பதினொரு கோல் அடித்தவன். அவற்றுள் ஒன்பது, கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு எதிராக அடித்தவை. பயிற்சிக்கு வருவதை அவன் தன் தகுதிக்குக் குறைவாகக் கருதினான். பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு எதிரணியிடம் போய்விட்டால், அதை மீட்பது பிறர் கடமை என்று நடுவில் நின்று கையுறையைச் சரிசெய்துகொள்வான்.

அந்தப் பிறர், பெரும்பாலும் ஓரெஸ்ட் பிலிக். பதினேழு பருவங்களாகத் தடுப்பாட்டக்காரர். பாய்ந்து வரும் வட்டைத் தம் விலா எலும்பில் வாங்கிக்கொள்வதே விளையாட்டு என்று நம்பியவர். அவருடைய முழங்கால்கள் இரண்டும் செவ்வனே இருந்தன. தம் திருமணத்தை முன்னிட்டு அவர் வராத ஒரே ஓர் ஆட்டத்தில் கெட்டில் லேக் பன்னிரண்டு கோல் வாங்கியது. அணியினர் அத்திருமணத்தை இன்றளவும் மன்னிக்கவில்லை.

ஆகவே ஓரெஸ்ட்டை வைத்துக்கொண்டு டானரைத் தள்ளிவிடுவது என்பது லோர்னின் திட்டம். டானரை வானளாவப் புகழ வேண்டும். அத்தகையவனை ஏன் விடுகிறீர்கள் என்று எவரேனும் கேட்டால், ஓரெஸ்ட்டின் முழங்காலைக் காட்டி அழ வேண்டும். சனிக்கிழமைப் பயிற்சியின்போது உடைமாற்றும் அறையில் அவர் இதை விளக்கியபோது அனைவரும் கைதட்டினர். டானர் வழக்கம்போல் வந்திருக்கவில்லை. ஓரெஸ்ட் வழக்கம்போல் வேறொருவரின் முறைக்குத் தாம் ஆடுகளத்தில் பனிக்கட்டி உறைவதற்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்கள் அணியினர் ஓயாது உழைத்தனர். ஆட்டத்தில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமை காட்டியதே இல்லை. அஞ்சலகத்திலும் தானியக் கிடங்கிலும் தேவாலயப் படிகளிலும் டானரின் புகழ் பாடப்பட்டது. ஓரெஸ்ட் மாடிப்படியை உட்கார்ந்தபடியே இறங்குகிறார் என்றுகூட ஒருவர் சொல்லிவைத்தார். அறுநூறு பேர் வாழும் ஊரில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. இதைப் பொய் என்று எவரும் கருதவில்லை. அணிப்பற்று என்றே கருதினர்.

வெள்ளிக்கிழமை லோர்ன் எட்டுப் பெயர்களை எழுதி, போட்டிக்குழுத் தலைவி வில்மா பென்னரிடம் சேர்க்குமாறு அணிச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளரும் ஓரெஸ்ட்தான், வேறெவரும் அப்பதவியை ஏற்க முன்வந்ததில்லை.

ஓரெஸ்ட் பட்டியலைச் சற்று நேரம் பார்த்தார்.

"லோர்ன், டானர் நெஜமாவே அவ்வளவு பெரிய ஆட்டக்காரனா?"

ரேமண்டின் மைத்துனர் பக்கத்தில் நின்று சறுக்குக் காலணியின் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று லோர்ன் குரலை உயர்த்தினார்.

"அவன் இருந்தா இந்த வருஷக் கோப்பை நமக்குத்தான்பா. என்ன பண்றது, இருக்கிறது எட்டு இடம்."

ஓரெஸ்ட் தலையசைத்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அறுவடைக்கால வான்கோழி விருந்து. புதிய அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக ஐந்து அணிகளும் ரேமண்டும் அங்கே கூடியிருந்தனர். கெட்டில் லேக்கின் முறை வந்ததும் ரேமண்ட், வில்மா தந்திருந்த பட்டியல் நகலைப் பார்த்துவிட்டு எழுந்து, தமக்கு ஓரெஸ்ட் பிலிக் வேண்டும் என்றார்.

கெட்டில் லேக்கின் மேசையில் சிரிப்பு எழுந்தது. படிக்கத் தெரியாதவருக்கு விதியை எடுத்துரைக்கும் பரிவுடன், ஓரெஸ்ட் பட்டியலில் உள்ளவர் என்று லோர்ன் தெரிவித்தார். அதோடு நில்லாமல், முழங்கால் போன ஆள் எதற்கு என்றும் கேட்டார்.

"பத்து வருஷமா எதிரணியில ஆடி அவனைத் தாண்டிப் போக முட்டி மோதினவன் நான்," என்றார் ரேமண்ட். "அவன் முழங்காலைப் பத்தி எனக்கே கதை சொல்றியா?"

வில்மா மூக்குக்கண்ணாடியை அணிந்து, பட்டியலை நிதானமாக இருமுறை படித்தார்.

"எட்டாவது பேரு டானர் பாய்ஸ்னு இருக்குப்பா. ஓரெஸ்ட் பேரை அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டிருக்கு. செயலாளர் கையெழுத்து. எல்லாம் முறைப்படிதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. அறையின் மறுகோடியில் ஓரெஸ்ட், அன்றைக்கு வராத யாருக்கோ பதிலாக, ஒவ்வொரு மேசைக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். லோர்ன் அவரிடம் சென்று, பெயரை அடித்தது அவர்தானா என்று கேட்டார்.

ஓரெஸ்ட் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அணித்தலைவரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நான்தான். என்மேல பாவம் பார்த்து நீ ஏன் டானரை இழக்கணும்?"