மோட்டார் ரூம் பல்பு

பட்டப்பகலில் மோட்டார் ரூம் வாசலில் குண்டு பல்பு எரிந்தது.

கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் கொத்தைக் கீழே போட்டாள்.

அந்தப் பல்பு எரிந்தால் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். காரமடைப் பக்கம் எல்லாரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில்தான் போட்டு வைப்பார்கள். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்.

இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று சொன்னார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால் அது கரண்டா?

கிணற்றுக்குள் அவள் புருஷன் கந்தப்பன், மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, எலி கடித்த ஒயரை வெறுங்கையால் முறுக்கி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி பீஸ் கட்டைகளைப் பிடுங்கிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். அவளும் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அதோடு மறந்துபோனாள்.

இப்போதும் ஓடினாள். செருப்பு ஒன்று வாய்க்காலோடு போயிற்று. அங்கிருந்து கத்தினால் கிணற்றுக்குள் கேட்காது. ரங்கநாதா, ரங்கநாதா என்று மனசுக்குள் மட்டும் ஓடியது.

கிணற்று மேட்டுக்கு வந்து நின்றாள். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழேயிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பழைய பாட்டை, எப்போதும்போல் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு.

மோட்டார் ரூமுக்குள் போய்ப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் ஆட்டோவில்தான் இருந்தது. ஆனால் பீஸ் கட்டைகள் மாட்டியிருக்கும் மூன்று இடமும் பொக்கை வாயாகக் கிடந்தன. பல்புக்கு மட்டும் லைன் தனி.

மெயின் சுவிட்சை இறக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். யார் பிடுங்கியிருப்பார்கள்? காரமடையிலிருந்து அந்த ரங்கநாதரே வந்து பிடுங்கிவிட்டுப் போனாரோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மகளுடைய அறிவியல் டீச்சர் அன்புச்செல்வி.

"ஏனுங்க, மோகனப்பிரியா அம்மாங்களா? ஆற்றல் மூலம் ஏதாச்சும் ஊட்டுல இருந்து கொண்டாங்கன்னு சொல்லியிருந்தேனுங்க. எல்லாரும் வெறகு, கரி, வறட்டின்னு கொண்டாந்தாங்க. உங்க பொண்ணு மூணு பீஸ் கட்டையக் கொண்டாந்து வெச்சிருக்குதுங்க. இது மூலம் இல்ல கண்ணுன்னா ஒத்துக்க மாட்டீங்குது. இதப் புடுங்குனா எங்க மோட்டாரே ஓடாதுன்னு சாதிக்குதுங்க."

தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குச் சரின்னே போட்டுருங்க டீச்சர்."

போனை வைப்பதற்குள் கிணற்றிலிருந்து கந்தப்பன் குரல் கொடுத்தான். ஒட்டுப் போட்டாயிற்றாம். மேலே ஏறி வருகிறானாம். வந்ததும் பீஸ் கட்டைகளை மாட்டி மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிடலாமாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் உட்டு வரட்டுமுங்க" என்றாள்.