நீல வாளி

சுடர்க்கொடியின் வாளியைக் காணவில்லை!

பெட்டி கட்டியாகிவிட்டது. காலேஜும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம் என்று அவள் போனில் அழுததில், அழைத்துப்போக அப்பா வேனோடு வந்துகொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் இருந்த நீல வாளி எங்கே போனது?

சேர்ந்த புதிதில் குளியலறை வரிசையில் வாளியோடு தானும் நின்றவள் அவள். "லூசு, வாளியை வச்சுட்டுப் போய்த் தூங்குடி. உனக்குப் பதிலா அது நிக்கும்" என்று பக்கத்து அறை ரெஜினா சொல்ல, தாழ்வாரமே சிரித்தது. அந்த வெட்கத்தில் அவள் யாரோடும் ஒட்டவில்லை.

இப்போது தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஆளில்லாத வாளிகள் சமர்த்தாக வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுடைய நீல வாளி!

"யார்டி எடுத்தது?"

பல் துலக்கிக்கொண்டிருந்த ரெஜினா நுரையோடு திரும்பினாள். "நீ பெட்டியோட மல்லுக்கட்டிட்டிருந்த. இடம் போயிடுமேன்னு நான்தான் வச்சேன். சீக்கிரம் குளிடி, மெஸ்ல பூரி தீர்ந்துடும்!"

வாசலில் ஹாரன் ஒலித்தது. சுடர்க்கொடி குழாயைத் திறந்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என் டர்ன் வந்துடுச்சு. கிளம்பறதைப் பத்திக் குளிச்சிட்டு வந்து சொல்றேன்!"