நரம்பு ஓடின கல்

“கல்லை மாத்திட்டா! என் மகன் அனுப்புன கல்லை எடுத்துக்கிட்டு, இவ அரைச்ச குப்பைக் கல்லை ஒட்டி வச்சிருக்கா!”

யாகப்பம்மாள் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், தங்கச்சிமடத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது. மோதிர விரலைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினாள். கத்தாரில் வேலை பார்க்கும் சின்ன மகன் ஆன்டோ அனுப்பிய வெள்ளி மோதிரம். நடுவில் நீல டர்காய்ஸ் கல்.

போன வாரம் கல் கழன்று விழுந்துவிட, மூத்த மருமகள் ஜெப்சியிடம்தான் ஒட்டக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, “அசல் கல்லு. உன் கல்லு மாதிரி நினைச்சுக் கண்ட இடத்துல போட்றாத” என்று குத்திவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஜெப்சிக்கு டர்காய்ஸ் கல் என்றால் பைத்தியம். ஜெய்ப்பூரிலிருந்து கூரியரில் கரட்டுக் கல்லாக வரவழைப்பாள். கொல்லையில் ஒரு சின்ன மோட்டார். குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட அரைப்பாள். அடி தட்டையாக, மேல்பக்கம் குவிந்து வந்ததும், புருஷனின் பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். விற்பதும் இல்லை. ஆசைக்குச் செய்கிறாளாம். கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டிக்கு இப்படியும் ஒரு ஆசையா என்று யாகப்பம்மாள் கேட்காத நாளே கிடையாது.

“முன்னாடி கல்லு மொழுமொழுன்னு இருந்துச்சு. இப்ப பாருங்க, நடுவுல கருப்பா ஒரு கோடு!”

கோடு இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஜெப்சியைப் பார்த்தார்கள்.

“நான் களவாணி இல்ல மாமி.”

“அப்ப கல்லை மாத்தலைன்னு சத்தியம் பண்ணு. இன்னைக்கு செவ்வாக்கிழமை, அந்தோணியார் நாளு. வா கோயிலுக்கு!”

“வரமாட்டேன்.”

கூட்டம் முணுமுணுத்தது. அந்தோணியார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணும் துணிச்சல் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஒருத்தி வரமாட்டேன் என்றால், எடுத்தவள் அவள்தான்.

விடியற்காலையில்தான் கடலிலிருந்து திரும்பியிருந்த ஜெனிஷ், தூக்கம் கலைந்து வந்து நின்றான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்பதற்குக் கடலிலேயே கிடந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

“ஜெப்சி, மாத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.”

“சொல்ல முடியாது.”

“ஏலே ஜெனிஷ், வாயைப் பாத்தியா? முதல்ல அந்த மிஷினைத் தூக்கிக் கடல்ல போடு!”

“மிஷின்ல யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா, அதோட சேர்த்து நானும் வெளிய போறேன்.” கொஞ்சமும் தலை குனியவில்லை ஜெப்சி.

எடுத்ததும் எடுத்துவிட்டு எவ்வளவு திமிர் என்று பக்கத்து வீட்டு ஜாஸ்லின் அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

“ராமநாதபுரத்துல ஹமீது சுல்தான் பாய்கிட்டக் காட்டுவோம். கல் மோதிரம்தான் அவருக்குத் தொழில்” என்றான் ஜெனிஷ். “போலின்னு சொல்லிட்டார்னா மிஷினை நானே தூக்கிப் போடுறேன்.”

“அசல்னு சொன்னா?” என்றாள் ஜெப்சி.

“அதுக்கப்புறம் மிஷினைப் பத்தி இந்த வீட்டுல பேச்சே கிடையாது. போதுமா?”

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஹமீது சுல்தான் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, கல்லை அழுத்தித் துடைத்தார்.

“சாயக்கல்லா இருந்தா பஞ்சு நீலமாயிரும். பாருங்க, வெள்ளையாவே இருக்கு. அசல் ஃபிரோஸாம்மா, நீங்க சொல்ற டர்காய்ஸ்.”

“இந்தக் கருப்புக் கோடு?”

“நரம்பும்மா. மண்ணுக்குள்ள இருக்கும்போதே ஓடினது. மாஷா அல்லாஹ், அதை அழகா நடுவுல கொண்டு வந்து அரைச்சிருக்கான் பாருங்க. கை தேர்ந்தவன் வேலை.”

யாகப்பம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

“இவ அரைக்கிறதெல்லாம் குப்பைக் கல்லு. அப்ப இது ஆன்டோ அனுப்புனதேதான்! நான்தான் கண்ணாடி போடாம பாத்திருக்கேன் போல.”

மருமகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. மோதிரத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

ஜெனிஷுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “மாத்தலைல்ல? சத்தியம் பண்ணித் தொலைச்சிருந்தா என்ன?”

ஜெப்சி பர்ஸைத் திறந்து, வெளுத்துப்போன ஒரு கல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஓரத்தில் மட்டும் லேசாக நீலம் ஒட்டியிருந்தது.

“இதுதான் ஆன்டோ அனுப்புனது. பழைய பசை போகட்டும்னு, பாய் இப்ப துடைச்ச அதே மருந்துல போட்டேன். நீலம் பூரா இறங்கிருச்சு. பாவம், தம்பியை எவனோ ஏமாத்திட்டான்.”

“அப்ப அம்மா கையில இருக்கிறது?”

“நான் அரைச்சது. அரைச்சதுலயே நல்ல கல்லு. எனக்குன்னு வச்சிருந்தேன்.”

“இதை அங்கனயே சொல்லியிருக்கலாம்ல? தெருவே உன்னைக் களவாணின்னு பேசுச்சே!”

“ஆன்டோ போன் வராத நாளெல்லாம் உங்க அம்மா அந்தக் கல்லைத்தான் தடவிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அது சாயக்கல்லுன்னு நான் எந்த வாயால சொல்றது?”

முன்னால் போன யாகப்பம்மாள் நின்று திரும்பினாள். விரலை மருமகளிடம் நீட்டினாள்.

“நல்லா பாத்துக்க. அசல்னா இப்படி இருக்கணும். ஜென்மத்துக்கும் உன் மிஷின்ல இப்படி ஒரு கல்லு வருமாடி?”

ஜெனிஷ் வாயைத் திறந்தான். ஜெப்சி அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

“வர்ற வரைக்கும் அரைப்பேன் மாமி!”